மிகைப்படுத்திச் சொல்வது பொய்யாகுமா?

வைகைக்கரை:
பொய் என்று சொல்ல வேண்டிய இடத்தில் "சற்று மிகைப்படுத்திவிட்டார்" என்று நாசூக்காகச் சொல்லப் பழகிவிட்டோம். எங்கள் பகுதியில் மனை விற்ற தரகர் ஒருவர், "பஸ் நிலையத்திலிருந்து நடந்தால் ஐந்தே நிமிடம்" என்றார். நடந்து பார்த்தால் அரை மணி நேரம். முன்பணம் கொடுத்தவர் போய்க் கேட்டதற்கு, "வியாபாரத்தில் கொஞ்சம் மிகைப்படுத்துவது சகஜம்தானே" என்றாராம். இது பச்சைப் பொய். பேனைப் பெருமாளாக்குவது என்று பெரியவர்கள் சொன்னபோது அதில் கண்டிப்பு இருந்தது. மிகைப்படுத்துதல் என்ற சொல்லில் அது இல்லை.

தமிழாசிரியர்:
ஐயா, தரகரைத் திட்டுங்கள், சொல்லைத் திட்டாதீர்கள். "அனிச்சமும் அன்னத்தின் தூவியும் மாதர் அடிக்கு நெருஞ்சிப் பழம்" என்கிறது குறள் 1120. பூவும் இறகும் அவள் பாதத்தில் முள்ளாய்க் குத்துமாம். வள்ளுவர் பொய்யரா? பள்ளியில் இதை உயர்வு நவிற்சி என்று நடத்துகிறோம். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் இதையே அதிசய அணி என்கிறது. திருவிழாக் கூட்டத்தை "எள் போட்டால் எள் விழாது" என்கிறோம். "ஆயிரம் முறை சொல்லிவிட்டேன்" என்று அலுத்துக்கொள்ளும் தாயிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. இருவருக்கும் தெரிந்தே பேசுவதால் ஏமாறுபவர் இல்லை. வானளவு கூட்டினால் எவரும் நம்பமாட்டார். நம்பக்கூடிய அளவுக்குள் கூட்டுவதுதான் ஆபத்து. தரகர் செய்தது அதைத்தான்.

வைகைக்கரை:
அணி இலக்கணம் வேறு, கொடுக்கல் வாங்கல் வேறு. இந்திய அரசு 2022-இல் வெளியிட்ட விளம்பர வழிகாட்டுதல்கள், பொருளின் பயனையோ திறனையோ மிகைப்படுத்தி நுகர்வோரைத் திசைதிருப்பக் கூடாது என்கின்றன. அந்தச் சொல் அங்கே குற்றத்தின் பெயராகவே நிற்கிறது.

தமிழாசிரியர்:
திசைதிருப்பினால்தான் குற்றம் என்று அதிலேயே இருக்கிறதே!

இரவுப்பணிச் செவிலி:
இருவரும் சொல்பவரைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்தச் சொல்லை அடுத்தவர்மேல் வீசுகிறவரை யார் கேட்பது? "உயிர் போகிறது" என்று ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவாள். கூட வந்தவர் என் காதருகே, "அவள் எப்போதும் மிகைப்படுத்துவாள், சிஸ்டர்" என்பார். ஒருவர் கூட்டிச் சொல்கிறார் என்று தீர்ப்பளிக்க உண்மையான அளவு தெரிந்திருக்க வேண்டும். அவள் வலியின் அளவு இவருக்கு எப்படித் தெரியும்? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்போம். "பதினைந்து" என்பவர்களும் உண்டு. நான் பத்து என்று குறித்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிடுவேன்.

வைகைக்கரை:
அம்மா, வலியைப் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் சிறு காய்ச்சலுக்கும் உயிர் போகிறது என்றே சொல்லிவந்தால், நிஜமாகவே உயிர் போகும்போது சொல்ல என்ன வார்த்தை மிச்சம் இருக்கும்? கூட வந்தவரின் அலட்சியத்தை வளர்த்தது அந்தப் பழக்கம்தானே?

இரவுப்பணிச் செவிலி:
இல்லை ஐயா. அடங்கிய குரலில் "லேசாக நெஞ்சைக் கரிக்கிறது" என்று மாரடைப்போடு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் குறைத்துச் சொன்னதற்காக யாரும் அவர்களைப் பொய்யர் என்று சொல்லவில்லை. வார்த்தை பெரிதோ சிறிதோ, நான் முதலில் நாடியைப் பிடிக்கிறேன், இரத்த அழுத்தம் பார்க்கிறேன். கூட வருபவர்கள் அதற்குள் தீர்ப்புச் சொல்லாமல் இருந்தால் போதும்.