தோட்டத்து துப்பாக்கிய கார்ல கொண்டுட்டு போலாங்களா?

தாளவாடிக்காரன்: ஏனுங்க, அப்புச்சி (அம்மாவோட அப்பா) பேர்ல லைசென்ஸ் இருக்கற நாட்டுத்துப்பாக்கி, காட்டுப்பன்னிக்கு வாங்குனது, ரிப்பேருக்கு சத்தியமங்கலத்துக்கு கொண்டுபோகோணும். அவருக்கு முடியல, நானே டிக்கில வெச்சுட்டு, போற வழில பாப்பாவ ஸ்கூல்ல எறக்கி உட்டுட்டு போலாம்னு இருக்கறேன், தப்புங்களா?

கோபி மாப்ள: ஐயோ, ஸ்கூலுக்குள்ள மட்டும் கொண்டு போயிறாதீங்ணா. கலெக்டர் தனியா பர்மிசன் தராம கோயில் ஊர்வலம், கூட்டம், பள்ளிக்கூட காம்பவுண்டு எங்கயும் கொண்டு போகக்கூடாதுன்னு லைசென்ஸ் கண்டிசன்லயே இருக்குமுங்க, யாரும் படிக்கறதில்ல அதான் பிரச்சன. ரிப்பேருக்கு நீங்க எடுத்துட்டு போலாம், 1959 ஆயுதச் சட்டம் 3ஆம் பிரிவுல எடம் இருக்குது, ஆனா அப்புச்சி கூட வரோணும் இல்லாட்டி கைப்பட எழுதிக் குடுக்கோணும். லைசென்ஸ் புக்கும் கையில இருக்கட்டும்.

பண்ணாரி பக்தன்: அதெல்லாஞ் செரி, திம்பம் மலப்பாதைல எறங்கித்தான வரோணும், அது புலிகள் காப்பகமுங்க! சரணாலயத்துக்குள்ள ஆயுதத்தோட நுழையறதுக்கு முன்கூட்டியே எழுத்துல அனுமதி வேணும்னு 1972 வனவிலங்கு சட்டம் 31ஆம் பிரிவு சொல்லுது. மொதல்ல ரேஞ்சர் ஆபீஸ்ல கேளுங்க, செக்போஸ்ட்ல போயி முழிக்காதீங்க.

டெக்சாஸ் கவுண்டன்: இங்க அமெரிக்காவுலயே ஸ்கூல சுத்தி 1000 அடிக்குள்ள துப்பாக்கி கூடாதுன்னு 1990ல சட்டம் போட்டாங்க, 1995ல சுப்ரீம் கோர்ட் அடிச்சுப்போட்டுது, மறுபடி திருத்தி கொண்டாந்தாங்க. குண்டு போடாம பூட்டுன பெட்டிக்குள்ள வெச்சிருந்தா வண்டில போலாம், மாநில லைசென்ஸ் இருந்தாலும் விலக்கு உண்டு.

தாளவாடிக்காரன்: செரிங்க, பாப்பா பஸ்ல போகட்டும், நான் ரேஞ்சர் ஆபீஸ் போயிட்டு வந்து சொல்றேன்.