பெட்டியில் 4 ஓம் என்று இருக்கிறது, 4 ஓம் ஸ்பீக்கர்தான் போட்டேன், ஆம்ப் ஏன் அணைகிறது?

வியாசை பேஸ்

எல்லோருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறேன். ஆடி மாதம் வந்தால் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. அம்மன் கோயிலில் பகலெல்லாம் கூழ், ராத்திரியெல்லாம் கச்சேரி.

என் ஸ்பீக்கர் பெட்டி செகண்ட் ஹேண்டில் வாங்கியது. உள்ளே 10 இஞ்ச் ஸ்பீக்கர் இரண்டு, முன்பக்கம் காற்றுத் துளை. ஆம்ப் டிரான்சிஸ்டர் வகை, 4 ஓமுக்கு (ஓம் என்பது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பின் அளவு) 300 வாட். பின்னால் 'குறைந்தபட்சம் 4 ஓம்' என்று அச்சடித்திருக்கிறது.

போன வாரம் காசிமேட்டில் கச்சேரி முடிந்து மீன்பாடி வண்டியில் பெட்டியை ஏற்றும்போது மைக் ஸ்டாண்டின் கால் ஒரு ஸ்பீக்கரின் கோனில், அதாவது முன்னால் அதிரும் கூம்பில், இறங்கிவிட்டது. முன்பக்க வலை (கிரில்) கழன்று ரொம்ப நாள் ஆகிறது, அது என் சோம்பேறித்தனம். நாலு விரல் நீளத்துக்குக் கிழிசல். டிஷ்யூ பேப்பரும் ஃபெவிகாலும் வைத்து ஒட்டிப் பார்த்தேன். லோ ஈ என்ற மிகத் தாழ்ந்த தந்தியைத் தொட்டால் காற்றில் காலண்டர் அடித்துக்கொள்வதுபோல் படபடவென்கிறது.

பெட்டியின் பின்னால் இருந்த '4 ஓம்' ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். அவர்களும் 4 ஓம், 10 இஞ்ச், 150 வாட் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். மாட்டினேன். முதல் பாட்டு அருமை. மூன்றாவது பாட்டில் சிவப்பு விளக்கு எரிந்து ஆம்ப் ஊமையாகிவிட்டது. ஐந்து நிமிடம் ஃபேனுக்கு முன்னால் வைத்தால் உயிர் வருகிறது, மறுபடி இரண்டு பாட்டு தாங்குகிறது. பாடகர் மேடையிலேயே திரும்பி என்னை முறைக்கிறார்.

ஓம் சரியாகத்தானே போட்டேன்? ஆம்ப் போய்விட்டதா? வெள்ளிக்கிழமை அடுத்த கச்சேரி.

கொருக்குப்பேட்டை மைக்செட்

ஆம்ப் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. சூடு தாங்காமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஸ்டிக்கரில் உள்ள 4 ஓம், மொத்தப் பெட்டிக்கான கணக்கு. உள்ளே பெரும்பாலும் 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டு பேரலலில், அதாவது பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்து, இருந்திருக்கும். எட்டும் எட்டும் பேரலல் என்றால் 4. இப்போது எட்டோடு நாலைச் சேர்த்திருக்கிறாய். 8 × 4 = 32, அதை 8 + 4 = 12ஆல் வகுத்தால் 2.67 ஓம். ஓம் குறைந்தால் கரண்ட் கூடும், சூடும் கூடும். ஆம்ப் நாலுக்குக் கீழே போகாதே என்று சொல்லியும் கேட்காமல் ஓட்டுகிறாய்.

அம்பெக் கம்பெனியின் எஸ்.வி.டி. பேஸ் ஆம்புக்கு வரும் எட்டு ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்திருப்பாய். அந்தப் பெட்டியும் 4 ஓம்தான். ஆனால் உள்ளே ஒவ்வொரு ஸ்பீக்கரும் 32 ஓம். அதில் ஒன்று போனால் ஸ்டிக்கரைப் பார்த்து 4 ஓம் வாங்கிப் போட்டால் என்ன ஆகும் என்று நீயே கணக்குப் போட்டுப் பார்.

என் கணக்கையும் அப்படியே நம்பாதே. பெட்டியைத் திறந்து, வயரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியாக மீட்டரில் பார். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள், அதைக் கழிக்க வேண்டும். மீட்டரில் 8 என்று வராது. 8 ஓம் ஸ்பீக்கர் ஐந்தரையிலிருந்து ஏழு வரை காட்டும், 4 ஓம் மூன்று மூன்றரை காட்டும். ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளின் (காயில்) தடை மட்டும்தான் மீட்டருக்குத் தெரியும். வாசிக்கும்போது ஸ்பீக்கர் காட்டும் மொத்த எதிர்ப்பு வேறு, அது சுருதிக்குச் சுருதி மாறிக்கொண்டே இருக்கும்.

வியாசை பேஸ்

பார்த்துவிட்டேன் அண்ணே. முனைகள் தொட்டால் 0.3. அதைக் கழித்தால் பழையது 5.8, புதியது 3.3. இரண்டும் சேர்ந்து, ஆம்ப் வயர் செருகும் ஜாக்கில் 2.1தான். கிழிந்ததைப் பரணிலிருந்து எடுத்துப் பார்த்தேன், அதுவும் 5.8! காயில் நன்றாக இருக்கிறது, கோன்தான் போயிருக்கிறது. காந்தத்தின் மேல் இருந்த எழுத்தெல்லாம் உப்புக் காற்றில் துருவோடு போய்விட்டது, இல்லாவிட்டால் அன்றைக்கே பார்த்திருப்பேன்.

திருவொற்றியூர் நாலு தந்தி

சீரீஸில், அதாவது ஒன்றுக்குப் பின் ஒன்றாக, போட்டுவிடு நண்பா. 8 + 4 = 12 ஓம், ஆம்ப் சூடே ஆகாது. வேலை முடிந்தது.

கொருக்குப்பேட்டை மைக்செட்

ஆம்ப் பிழைக்கும், அது உண்மை. ஆனால் 4 ஓமில் 300 வாட் தருவது 12 ஓமில் 100 வாட் பக்கம்தான் தரும். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு 8 ஓம் ஸ்பீக்கருக்கே போகும். ஒன்று உழைக்கும், ஒன்று வேடிக்கை பார்க்கும். தெருவில் ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே வாசிப்பவனுக்கு இது ஆகாது.

வெள்ளிக்கிழமைக்கு மட்டும், புதிய 4 ஓம் ஸ்பீக்கரின் வயரைக் கழற்றிவிடு. ஆளை வெளியே எடுக்காதே, ஓட்டை விழும். பழைய 8 ஓம் மட்டும் ஓடட்டும். வால்யூம் பாதிக்கு மேல் வேண்டாம், ஆம்பின் லைன் அவுட்டிலிருந்து மிக்சருக்கு ஒரு வயர் கொடுத்துவிடு. பேஸ் கொஞ்சம் தளர்ந்து கேட்கும், ஒரு ராத்திரிதானே. டிரான்சிஸ்டர் ஆம்ப் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். வால்வ் (கண்ணாடிக் குழாய்) ஆம்ப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முயற்சி செய்ய வேண்டாம். அதில் ஓம் பொருந்த வேண்டும், ஸ்பீக்கர் வயர் இல்லாமல் ஆன் செய்யவே கூடாது.

அப்புறம், கிழிந்ததைத் தூக்கிப் போடாதே. நம் பக்கம் மைக்செட்காரர்களுக்கு ரீகோன் செய்து, அதாவது புதிய கோனும் காயிலும் போட்டு, கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அதே சட்டகம், அதே காந்தம். 8 ஓம் காயில்தான் வேண்டும் என்று வாயால் சொல்லாமல் காகிதத்தில் எழுதிக் கொடு.

பெரம்பூர் கொயர்

அண்ணன் சொன்ன ரீகோனையே நானும் சொல்வேன், வேறு காரணத்துக்காக. எங்கள் கோயில் பெட்டியில் ஓம் சரியாகப் பார்த்து 8 ஓம் வாங்கினோம், ஆனால் அது பாட்டுக் குரலுக்கான ஸ்பீக்கர். பேஸ் கிடாரின் லோ ஈ 41 ஹெர்ட்ஸ். அங்கே அதற்குக் குரலே இல்லை, மேலே மட்டும் கத்துகிறது. காற்றுத் துளை உள்ள பெட்டியை அந்த ஸ்பீக்கருக்கென்று அளந்து செய்திருப்பார்கள். தீல், ஸ்மால் என்ற இருவர் பெயரில் வரும் அளவுகள் இருக்கின்றன, அவை ஒத்துப்போகாவிட்டால் ஓம் மட்டும் பொருந்தி என்ன பயன்? பக்கத்தில் இருப்பதைவிட 3 டெசிபல் குறைவாகக் கேட்கும் ஸ்பீக்கர் என்றால், அதை ஈடுகட்ட இரண்டு மடங்கு வாட் வேண்டும். ஜோடி ஒன்றாகவே இருக்கட்டும்.

வியாசை பேஸ்

வெள்ளிக்கிழமை தப்பித்தேன். பேஸ் சோடா போன பாட்டில் மாதிரிதான் இருந்தது, ஆனால் ஆம்ப் ஒரு தடவைகூட அணையவில்லை.

ரீகோன் செய்த ஸ்பீக்கர் நேற்று வந்தது. மீட்டரில் 5.9. மாட்டினேன், ஜாக்கில் 2.9, எல்லாம் கணக்குப்படி. வாசித்தால் பேஸையே காணோம்! தந்தி விரலை அதிர வைக்கிறது, பெட்டியிலிருந்து டக் டக் என்று நகச் சத்தம்தான் வருகிறது. இது என்ன அண்ணே?

கொருக்குப்பேட்டை மைக்செட்

டார்ச் பேட்டரி ஒன்றை எடு, ஒன்றரை வோல்ட். ஜாக்கில் ஒரு விநாடி தொட்டு கோன்களைப் பார். இரண்டும் ஒரே பக்கம் போக வேண்டும்.

வியாசை பேஸ்

ஒன்று வெளியே வருகிறது, ஒன்று உள்ளே போகிறது! ரீகோன் செய்தவர் காயிலின் இரண்டு முனைகளையும் மாற்றிப் பற்றவைத்திருக்கிறார். ஒன்று தள்ளும் காற்றை இன்னொன்று இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஸ்பீக்கரின் வயரை மட்டும் பிளஸ் மைனஸ் மாற்றிப் போட்டேன். லோ ஈ தொட்டதும் சமையலறையில் தட்டு ஸ்டாண்டு அதிர்ந்தது, அம்மா கரண்டியோடு வந்து நின்றார்.

ஸ்டிக்கருக்குக் கீழே மார்க்கரில் 'உள்ளே 8, 8, பேரலல்' என்று எழுதிவிட்டேன். அந்த 4 ஓம் ஸ்பீக்கரைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்களாம். ஒரே ஒரு 4 ஓம் ஸ்பீக்கர் போடும் பெட்டி யாராவது வைத்திருந்தால் சொல்லுங்கள், மூன்று பாட்டுதான் வாசித்திருக்கிறது.