வட்டக் காந்தம் வாங்கி ஏமாந்தவர்கள் உண்டா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

மோட்டார் தண்டு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்க்க ஏஎஸ்5600 போர்டு ஒன்று வாங்கினேன். எதிரே சுற்றும் காந்தத்தின் திசையைப் பார்த்து, ஒரு சுற்றை 4096 பங்காகப் பிரித்துச் சொல்லும் சின்ன சிப். கூடவே 6 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிமனில் ஒரு காந்த வில்லை வந்தது. தண்டு முனையில் ஒட்டிச் சுற்றினால் எண் சும்மா தடுமாறுகிறதே தவிர கோணத்தைக் காட்டவில்லை. வயரிங் சரி, புரோகிராமும் சரி. கோளாறு காந்தத்தில். ஒரு தட்டை முகம் வடக்கு, மறு முகம் தெற்கு என்று அச்சுத் திசையில் காந்தமேற்றியதை அனுப்பிவிட்டார்கள். அதை எவ்வளவு சுற்றினாலும் சிப்புக்கு எல்லாக் கோணமும் ஒன்றுதான். இதற்கு வேண்டியது விட்டத்தின் குறுக்கே காந்தமேற்றியது, அதாவது வில்லையில் பாதி வடக்கு, பாதி தெற்கு. கடையில் "டயமெட்ரிக்" என்று கேட்டால் "வட்டம்தானே சார், எல்லாம் ஒண்ணுதான்" என்று பதில் வருகிறது!

——

கடைக்காரரை விடுங்கள், நாமே பார்த்துவிடலாம். ஒரே மாதிரி இரண்டு வில்லைகளை முகத்தோடு முகம் ஒட்டி, மேலே இருப்பதை விரலால் திருகுங்கள். அச்சுத் திசை என்றால் லேசாகச் சுற்றும். விட்டத் திசை என்றால் முரண்டு பிடிக்கும், விரலை எடுத்ததும் சட்டென்று பழைய நிலைக்கே திரும்பும். கையில் ஒன்றுதான் இருக்கிறதா, நூலில் படுக்கைவசமாகத் தொங்கவிடுங்கள். விளிம்பின் ஒரே இடம் திரும்பத் திரும்ப வடக்கே போய் நின்றால் அது விட்டத் திசை.

——

நான் கோவையில் மோட்டார் வேலை செய்கிறேன். எங்களுக்குத் தலைவலி வளைந்த காந்தத் துண்டுகள்தான். ரோட்டரில், அதாவது மோட்டாரின் சுழலும் பாகத்தில், ஒட்டுகிற துண்டை இரண்டு விதமாகக் காந்தமேற்றலாம்: ஒவ்வொரு இடத்திலும் திசை தண்டின் மையத்தை நோக்கி இருப்பது ரேடியல், துண்டு முழுவதும் ஒரே நேர்த்திசை என்றால் பேரலல். ஒருமுறை இரண்டும் கலந்து வந்துவிட்டன. அளவு, வளைவு, பாலிஷ் எதிலும் குறை சொல்ல முடியாது, துருவமும் சரியான பக்கம்தான். மோட்டாரைக் கையால் சுற்றி, அதில் உண்டாகும் மின்னழுத்த அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தபோது ஒன்றில் அலையின் தலை தட்டையாகவும் இன்னொன்றில் அழகாக வளைந்தும் வந்தது, அப்புறம்தான் பிடிபட்டது. அன்றிலிருந்து புது சரக்கு வந்தால் முதலில் ஸ்கோப்தான், அளவு பார்க்கும் வெர்னியர் அப்புறம்.

——

அண்ணா, அந்தத் தப்பான வில்லையை வேறு திசையில் மறுபடி காந்தமேற்ற முடியாதா?

——

முடியாது தம்பி. சிண்டர் செய்த, அதாவது பொடியை அழுத்திச் சுட்டெடுத்த நியோடிமியம் காந்தம் என்றால், பொடியாக இருக்கும்போதே வலுவான காந்தப்புலத்தில் வைத்து, துகள்களை ஒரே திசைக்குத் திருப்பி அழுத்திவிடுகிறார்கள். பிறகு சூளையில் சுட்டதும் அந்தத் திசை நிலைத்துவிடும். வடக்கையும் தெற்கையும் மாற்றிப் போடலாம், அவ்வளவுதான். பிசினில் பொடியைக் கலந்து செய்யும் காந்தங்களில் துகள்களைத் திருப்பாமல் விட்ட ரகம் உண்டு, அதை எந்தத் திசையிலும் ஏற்றலாம், ஆனால் வலு குறைவு.

செவ்வகக் கட்டி வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 20×10×5 என்று போட்டிருந்தால் பல கடைகள் கடைசி எண்ணைத்தான் காந்தத் திசையாக வைக்கின்றன, எல்லாரும் அப்படி இல்லை. பணம் கட்டும் முன் அம்புக்குறி போட்ட படம் கேட்டு வாங்குங்கள்.