ஜூலை கடைசியில் டெக்ஸோமா ஏரிக்கு ஸ்ட்ரைப்பர் பிடிக்கப் போகிறோம்: கைடு வேணுமா, வாடகைப் படகு போதுமா?

வைகைக்கரையான்

வணக்கம். டாலஸ் பக்கம் பிளேனோவில் இருக்கோம். ஊர்லேர்ந்து அப்பா வந்திருக்கார், வயசு 68. வைகை அணையில கெண்டைக்குத் தூண்டில் போட்டே வளர்ந்தவர். இங்க வந்த நாள்லேர்ந்து "பெரிய மீன் எங்கடா கிடைக்கும்"னு ஒரே கேள்வி. ஜூலை கடைசி சனிக்கிழமை, டெக்ஸாஸ்-ஓக்லஹோமா எல்லையில இருக்கிற டெக்ஸோமா ஏரிக்கு ஸ்ட்ரைப்பர் (உடம்புல கோடு ஓடுற பெரிய மீன்) பிடிக்கப் போலாம்னு இருக்கோம். நான், அப்பா, 11 வயசுப் பையன், மூணு பேர்.

மே மாசம் ஐசன்ஹோவர் ஸ்டேட் பார்க் கரையில நின்னு மத்தியானம் வரைக்கும் போட்டுப் பார்த்தோம், ஒரு கடி கூட இல்லை. அதனால இந்தத் தடவை தண்ணிக்குள்ள போயிடணும். பான்டூன்னு சொல்ற தட்டையான மேடைப் படகை வாடகைக்கு எடுத்து நாங்களே தேடிக்கலாமா, காசு வாங்கிக்கிட்டு தன் படகுலயே கூட்டிக்கிட்டுப் போய்ப் பிடிக்க வைக்கிற கைடு வெச்சாதான் கிடைக்குமா? கடையில வாங்கின இரை போதுமா? என்கிட்ட டெக்ஸாஸ் மீன்பிடி லைசென்ஸ் இருக்கு, அது போதும்தானே? வெயில்ல அப்பாவுக்கு முடியாமப் போயிடுமோன்னும் கவலையா இருக்கு. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

தூண்டில்காரன்

முதல் தடவைன்னா கைடோட போங்க தம்பி. காரணத்தையும் சொல்லிடறேன்.

அப்பாவுக்குப் பழக்கமான கெண்டைப் பிடிப்பு வேற. அங்க ஒரு இடத்துல மாவோ புண்ணாக்கோ போட்டா மீன் தேடி வரும், நாம உட்கார்ந்திருக்கலாம். ஸ்ட்ரைப்பர் உட்கார்ந்த இடத்துக்கு வராது. கூட்டமா சுத்துற மீன், ஷாட்னு சொல்ற சின்ன வெள்ளி மீனைத் துரத்திக்கிட்டே நகரும். டெக்ஸோமா ஏறக்குறைய 89,000 ஏக்கர். நேத்து கிடைச்ச இடத்துல இன்னைக்கு ஒண்ணும் இருக்காது. தினமும் தண்ணியில இருக்கிறவங்களுக்குத்தான் கூட்டம் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியும். அரை நாள்தான் கையில இருக்குன்னா தேடுறதுலயே அது போயிடும்.

கரையில கிடைக்காததுல ஆச்சரியமே இல்லை. மார்ச், ஏப்ரல்ல இந்த மீன் முட்டையிட ரெட் ஆறு, வாஷிட்டா ஆறுன்னு மேல ஏறிப் போகும். முட்டை அடியில தங்கிடக் கூடாது, பொரியற வரைக்கும் ரெண்டு நாள் போல ஓடுற தண்ணியில மிதந்துக்கிட்டே வரணும். அவ்வளவு நீளமா, தடுப்பில்லாம ஓடுற ஆறு பெரும்பாலான அணை ஏரிகளுக்கு வாய்க்கிறதில்லை. அதனால அங்கெல்லாம் பண்ணையிலேர்ந்து குஞ்சு கொண்டுவந்து விடறாங்க. டெக்ஸோமாவுல 1960கள்ல விட ஆரம்பிச்சாங்க, இப்போ தானாவே பெருகுது. கடல் மீன் வம்சம் இது. ரெட் ஆத்துத் தண்ணியில இயற்கையாவே இருக்கிற உப்பும் அதுக்குத் தோதா அமைஞ்சுது. முட்டை போட்டுட்டுத் திரும்பி வந்ததும் ஷாட் பின்னாலயே திறந்த தண்ணிக்குப் போயிடும். ஜூலைல அணைக்குப் பக்கமா, ஏரியோட கீழ்ப்பாதியிலதான் தேடணும்.

இரை விஷயத்துக்கு வர்றேன். ஜூலைல உயிரோட இருக்கிற ஷாட்டுக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனா அதைப் பிடிக்கிறதைவிட உயிரோட வெச்சிருக்கிறதுதான் பெரும் பாடு. விடியறதுக்கு முன்னாடி வீச்சு வலை போட்டுப் பிடிச்சு, காத்து ஓடுற வட்டத் தொட்டியில விடணும். சதுரத் தொட்டின்னா மூலையில போய் முட்டி நெருக்கியே செத்துடும். மூக்கு சிவந்து போன ஷாட் அதிக நேரம் தாங்காது, முதல்ல அதைக் கொக்கியில மாட்டித் தீர்த்துடுங்க. ரெண்டு மூக்குத் துவாரத்து வழியா கொக்கியைக் கோத்தா நல்லா நீந்தும். கைடு வெச்சா இந்தத் தலைவலி முழுக்க அவரோடது. நீங்க எப்படியும் பிடிக்க முடியாத ஷாட்டுக்காகவே கைடு காசு தகும்னு சொல்வேன்.

சிவப்பாறு

லைசென்ஸ் பத்தி. இதுல நிறைய பேர் மாட்டிக்கிறாங்க, அதனால தனியா எழுதறேன்.

டெக்ஸாஸ் லைசென்ஸ் டெக்ஸாஸ் பக்கத் தண்ணிக்கு மட்டும்தான். ஏரியில பெரும்பகுதி ஓக்லஹோமா எல்லைக்குள்ள இருக்கு, மீன் கூட்டம் கோடு பார்த்து நிக்காது. 'லேக் டெக்ஸோமா லைசென்ஸ்'னு தனியா ஒண்ணு விக்கிறாங்க, அதுதான் ஏரி முழுக்கச் செல்லும். உங்களுக்கும் அப்பாவுக்கும் ஆளுக்கு ஒண்ணு எடுங்க. வயசானவங்களுக்கான சலுகையெல்லாம் இங்க குடியிருக்கிறவங்களை வெச்சுப் போட்டது, ஊர்லேர்ந்து வந்திருக்கிற அப்பாவுக்கு அதை நம்பாதீங்க. பையனுக்கு வேண்டாம். ஆனா 13 வயசுக்குக் கீழ இருக்கிறதால படகு ஓடும்போது லைஃப் ஜாக்கெட் அவன் உடம்புலயே இருக்கணும், சீட்டுக்கடியில இருந்தா ஆகாது.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 மீன், அதுல 20 அங்குலமும் அதுக்கு மேலயும் 2 மட்டும். ஸ்ட்ரைப்பரும் ஹைப்ரிடும் (ஸ்ட்ரைப்பரோட கலப்பின மீன்) சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. கிளம்புற வாரம் ரெண்டு மாநில விதியையும் இன்னொரு தடவை பார்த்துடுங்க, அப்பப்போ மாத்துவாங்க.

வடக்குக் காற்று

கைடு சிபாரிசை மறுக்கலை. ஆனா வாடகைப் படகுல கிடைக்கவே கிடைக்காதுங்கிற மாதிரி பேச வேண்டாம். ஷாட் இல்லாமலே ஸ்லாப்னு ஒரு செயற்கை இரை வெச்சு நான் பிடிக்கிறேன். ஒண்ணுலேர்ந்து ரெண்டு அவுன்ஸ் ஈயத்தகடு, வெள்ளை நிறம். சோனார்ல (தண்ணிக்கடியில மீன் இருக்கிறதைத் திரையில காட்டற கருவி) கூட்டம் தெரிஞ்சதும் நேரா அடிக்கு இறக்கிட்டு வேகமா சுத்தி ஏத்தணும். மெதுவா சுத்தினா பின்னாலயே வந்து பார்த்துட்டுப் போயிடும். சோனார் இல்லாத பான்டூன்னா எடுக்காதீங்க, அதுல நீங்க செய்யப் போறது ஏரியைச் சுத்திப் பார்க்கிறது மட்டும்தான்.

விடிஞ்ச முதல் ஒரு மணி நேரம் மேல்தண்ணியிலயே கண்ணை வெச்சிருங்க. ஷாட்டை மேல தள்ளிக்கிட்டு வந்து அடிக்கும், தண்ணி கொதிக்கிற மாதிரி இருக்கும். பார்த்ததும் படகை நடுவுல ஓட்டிக்கிட்டுப் போயிடாதீங்க! முழுக் கூட்டமும் அமுங்கிடும், சுத்தி நிக்கிற மத்த படகுக்காரங்களுக்கும் போச்சு. காத்து வர்ற பக்கமா தள்ளி எஞ்சினை நிறுத்திட்டு, கொதிப்பைத் தாண்டி வீசி அது வழியா இழுங்க.

காத்து விஷயத்துல மட்டும் தைரியம் காட்டாதீங்க. கோடையில தெற்குக் காத்து மணிக்கு 15 மைலைத் தாண்டினா அணைப் பக்கத் திறந்த தண்ணியில அலை தூக்கிப் போடும். பெரியவரும் பையனும் இருக்கிற படகு. முன்னாள் ராத்திரி வானிலையைப் பாருங்க, மோசம்னா தேதியை மாத்துங்க.

வைகைக்கரையான்

எல்லாருக்கும் நன்றி. தூண்டில்காரன் அண்ணா, கைடுன்னே முடிவு பண்ணிட்டேன். காலைல அஞ்சரைக்கு பாட்ஸ்பரோ பக்கம் ஒரு மரினாவுல (படகுத்துறை) வந்து நிக்கச் சொல்லியிருக்கார்.

இன்னொரு சந்தேகம். அப்பாவுக்கு நிறைய பிடிக்கணும், ஆனா நமக்கு வேண்டியது அஞ்சாறு மீன்தான். சின்னதையெல்லாம் திருப்பித் தண்ணியில விட்டுட்டு நாள் முழுக்கப் பிடிச்சுக்கிட்டே இருக்கலாம்ல?

தூண்டில்காரன்

ஜூலைல தயவுசெஞ்சு அப்படிச் செய்யாதீங்க தம்பி. குளிர்காலத்துல விடற மீன் பெரும்பாலும் பிழைச்சுக்கும். கோடையில கதை வேற. மேல்தண்ணி சூடு, ஆழத்துல ஆக்ஸிஜன் இல்லை, ரெண்டுக்கும் நடுவுல ஒரு மெல்லிய அடுக்குலதான் அது மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு. சோனார்ல அந்த எல்லை மங்கலா ஒரு கோடாத் தெரியும், கைடு கிட்ட காட்டச் சொல்லுங்க, பையனுக்கும் பிடிக்கும். அங்கேர்ந்து போராடிக் களைச்சு மேல வந்த மீனை வெந்நீர் மாதிரி இருக்கிற தண்ணியில விட்டா, வாலை ஆட்டிக்கிட்டு உள்ள போறது நம்ம கண்ணுக்குத் தெரியும், செத்து மிதக்கிறது தெரியாது. ஆகஸ்ட்ல வெள்ளை வயிறு மேல வந்து மிதக்கிற மீன்களைக் கடந்து படகு ஓட்டினவன் நான், மனசு ஆறாது.

அதனால வர்ற வரிசையில பையில போடுங்க, சின்னதா இருந்தாலும் சரி. உங்களுக்குப் போதும்னு தோணினதும் தூண்டிலை மடக்கிடுங்க. பெரிசு வரட்டும்னு சின்னதை மாத்திக்கிட்டே இருக்கிற பழக்கம் இந்த மாசத்துல வேண்டவே வேண்டாம். நிறைய பிடிக்கணும்னு அப்பா ஆசைப்பட்டா ஜனவரியில கூட்டிக்கிட்டு வாங்க, அப்போ கடல்காக்கா எங்க இறங்குதோ அங்க மீன்.

இது அவர் உடம்புக்கும் நல்லது. பத்து மணிக்குள்ள திரும்பிடலாம். முழுக்கைச் சட்டை, தொப்பி, உப்புப் போட்ட மோர் ரெண்டு பாட்டில்.

கைடு தூண்டிலைத் தாங்கியில வெச்சிருப்பார். நுனி வளைஞ்சதும் அப்பா கை தானா வெடுக்குனு இழுக்கும், கெண்டைப் பழக்கம். வட்டக் கொக்கி போட்டிருந்தா இழுக்கக் கூடாது, ரீலைச் சுத்தினாலே வாயோரத்துல தானா மாட்டிக்கும். முன்னாடியே சொல்லி வையுங்க.

குழம்புச்சட்டி

மீன் பிடிக்கிற கதை எனக்குத் தெரியாது, சமைக்கிறது தெரியும். எங்க வீட்டுக்காரர் கொண்டு வந்து கொட்டுவார்.

ஐஸ் நிறைய எடுத்துட்டுப் போங்க. பிடிச்ச உடனே செவுளை வெட்டி ரத்தம் வடியவிட்டு ஐஸ்ல புதைக்கச் சொல்லுங்க. அந்த வெயில்ல அரை மணி நேரம் சும்மா கிடந்தாலே சதை தொளதொளன்னு ஆயிடும். கைடே மரினாவுல முள் நீக்கி ஃபில்லே (சதைத் துண்டு) போட்டுக் கொடுத்துடுவார். தலை வேணும்னா முதல்லயே கேட்டு வாங்குங்க, இல்லாட்டி தூக்கிப் போட்டுடுவாங்க.

ஃபில்லேவுல தோல் எடுத்த பக்கம் நடுவுல நீளமா கருஞ்சிவப்பா ஒரு பட்டை ஓடும். அதைக் கத்தியால V மாதிரி சீவி எடுத்துடுங்க, கவிச்சி மொத்தமும் அதுலதான். மிச்சம் இருக்கிற வெள்ளைச் சதை கிட்டத்தட்ட கொடுவா மாதிரிதான், கெட்டியா இருக்கும், குழம்புல உடையாது. புளியைக் கொஞ்சம் குறைச்சு, மாங்காய் போட்டு வையுங்க. கெண்டை சாப்பிட்டுப் பழகின அப்பாவுக்கு முள் இல்லாதது சப்புன்னு இருக்கும், அவருக்கு மட்டும் தலையைத் தனியா வெச்சுக் கொடுங்க.