தாத்தாவின் நிரந்தர வைப்பு: குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

அண்ணன்: தாத்தா ஏற்படுத்திய நிரந்தர வைப்பு நிதியின் வட்டி, ஆண்டுக்கு ஒரு நாள் வழிபாட்டுச் செலவுக்கே போதவில்லை என்றும், அசலைக் கூட்டித் தர வேண்டும் என்றும் கோயில் நிர்வாகத்தினர் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். படத்தை மேலே பதிவிட்டிருக்கிறேன்.

அத்தை: அப்பா பத்திரப்படுத்திய ரசீது என்னிடம்தான் இருக்கிறது. மடிப்பில் கிழிந்துவிட்டது, ஆனாலும் ‘நிரந்தரம்’ என்ற சொல் தெளிவாகத் தெரிகிறது. அந்தப் பணம் எங்கே போனது அண்ணா?

பெரியப்பா: பணம் எங்கும் போகவில்லை அம்மா, அதன் வாங்கும் சக்திதான் தேய்ந்துவிட்டது. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், 12 ஆண்டுகளில் பணத்தின் மதிப்பு பாதியாகும். 36 ஆண்டுகளில் எட்டில் ஒரு பங்காகும். வட்டி முழுவதையும் செலவழித்துவிடும் எந்த வைப்புக்கும் இதுதான் கதி.

நான்: சோழர் காலத்தவர் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன், பெரியப்பா. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின்படி, கோயில் பணத்தைப் பெற்ற ஊர்ச்சபைகள் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 விழுக்காடு, வட்டி செலுத்தின. ஆனால் அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கு வந்த கொடை பெரும்பாலும் ஆடுகள்தான்: ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஈனும் குட்டிகளால் மந்தையின் எண்ணிக்கை குறையாது என்பதால் அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றே பெயர். தாத்தா கொடுத்த பணத்துக்குக் குட்டி போடும் வழியை யாரும் வைக்கவில்லை.

அண்ணன்: மந்தையைப் போல விலையோடு சேர்ந்து ஏறும் வருமானம் இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தில் விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகத் திருச்சபைக்குச் சேர்ந்துவந்ததை 1836ஆம் ஆண்டுச் சட்டம் பணமாக மாற்றியபோது, கோதுமை, பார்லி, ஓட்ஸ் ஆகியவற்றின் ஏழாண்டுச் சராசரி விலையோடு அதைப் பிணைத்தது. பின்னர் வெளிநாட்டுத் தானியம் வந்து குவிந்து விலை சரிந்தபோது, பாதிரியார்களின் வருமானமும் கூடவே சரிந்தது.

அத்தை: அப்படியானால் அசலைக் கூட்டிக் கொடுத்தும் பயனில்லையா?

பெரியப்பா: அதை யார், எப்படிப் பராமரிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதே திருச்சபையின் சொத்தைக் கவனிக்கும் அமைப்பு 1980களின் பிற்பகுதியில் கடன் வாங்கி நிலத்திலும் கட்டடத்திலும் முதலீடு செய்து, ஏறத்தாழ 80 கோடி பவுண்டு மதிப்பை இழந்தது. கடைசியில் குருமார் சம்பளத்தின் பெரும்பங்கைச் சாதாரண உறுப்பினர்களின் காணிக்கைதான் தாங்க வேண்டியிருந்தது. நிர்வாகம் பெரிய அசலை நம்பினாலும், நெருக்கடியில் கைகொடுப்பது மாதந்தோறும் வரும் சிறுதொகைகளே.

நான்: மாதச் சம்பளக்காரர்களான நமக்கும் அதுவே எளிது. காணிக்கைப் பெட்டியின் மேல் இப்போது கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறார்கள்.

அத்தை: அதில் அனுப்பினால் அப்பாவின் பெயர் எங்கே நிற்கும்? அவர் பெயரில் அந்த ஒரு நாள் நடக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பெரியப்பா: உன் ஆசை நியாயமானது. அசலில் ஒரு பகுதியைக் கூட்டுவோம். ஆனால் வட்டியில் மூன்றில் ஒரு பங்கை ஆண்டுதோறும் அசலோடு சேர்க்க வேண்டும் என்றும், வரவு செலவுக் கணக்கை நமக்கு அனுப்ப வேண்டும் என்றும் எழுதிக் கேட்போம். அதனால் குறையும் தொகையை நாம் மாதந்தோறும் அவர் பெயரிலேயே செலுத்தலாம்.

அண்ணன்: கடிதத்தை இன்றிரவே எழுதி இங்கே பதிவிடுகிறேன். அத்தை, ரசீதின் எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.