எம்ஏஎஃப் சென்சாரை வீட்டிலேயே சுத்தம் செய்வது: பி0171, மேட்டில் இழுவை இல்லை

காற்றுவடி:

வணக்கம். 1.5 லிட்டர் பெட்ரோல், டர்போ இல்லாத நான்கு சிலிண்டர் இன்ஜின். செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஃபால்ட் கோடு பி0171, மிக்சர் லீன், அதாவது காற்றின் அளவுக்குப் பெட்ரோல் குறைவு. மேடு ஏறும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினாலும் வண்டி இழுப்பதில்லை.

இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஓபிடி ரீடரில் எடுத்த லாங் டெர்ம் ட்ரிம் (ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், தன் கணக்குக்கு மேல் பெட்ரோலைக் கூட்டிய அளவு): ஐட்லிங்கில் +4, 2500 ஆர்பிஎம்மில் +9, மேட்டில் +17 சதவீதம். மேட்டில் உடனடித் திருத்தமான ஷார்ட் டெர்மும் +6 முதல் +10 வரை போகிறது. ஏர் ஃபில்டர் சமீபத்தில் மாற்றியது. கழுவி ஆயில் தடவிப் போடும் வகை. இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் ஏர் பாக்ஸை ஒட்டிய பைப்பில் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கிறது.

சென்சாரில் அழுக்கா, வேறு கோளாறா என்று கழற்றுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா? கையில் பிரேக் கிளீனரும் கார்புரேட்டர் கிளீனரும் இருக்கின்றன, இதற்கு ஆகுமா? பேட்டரி கழற்ற வேண்டுமா? காய வைக்க ஹேர் டிரையர் பிடிக்கலாமா?

ஸ்பேனர்17:

ட்ரிம் எடுத்து வைத்துவிட்டுக் கேட்டது நல்லது. பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) வேக்குவம் லீக் இருந்தால் ஐட்லிங்கில்தான் ட்ரிம் அதிகம் ஏறும். அங்கேதான் வேக்குவமும் அதிகம், இன்ஜின் இழுக்கும் மொத்தக் காற்றும் குறைவு; திருட்டுத்தனமாக நுழையும் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். லோடு ஏற ஏற அந்தப் பங்கு கரைந்துபோகும். உங்களுக்கு நேர்மாறாக, லோடோடு சேர்ந்து ட்ரிமும் ஏறுகிறது. இதற்கு இரண்டு காரணம்தான் முதலில் பார்க்க வேண்டியவை: எம்ஏஎஃப் குறைத்துக் காட்டுகிறது, அல்லது பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை (பம்ப், ஃப்யூவல் ஃபில்டர், இன்ஜெக்டர்). இரண்டுக்கும் ட்ரிம் ஒரே மாதிரிதான் தெரியும். இதைப் பார்க்காமல் சென்சாரைக் கழுவிவிட்டு, பிறகு சென்சாரையே மாற்றிவிட்டு, கடைசியில் பம்ப்பில் வந்து நிற்பவர்கள் நிறைய.

பிரித்துப் பார்க்க ஒரு கணக்கு போதும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். 1.5 லிட்டர், 4000 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு 3000 லிட்டர், விநாடிக்கு 50 லிட்டர். 25 டிகிரியில், கடல் மட்டத்தில், ஒரு லிட்டர் காற்று சுமார் 1.18 கிராம். ஆக 59 கிராம். சிலிண்டர் முழுக்க நிரம்பாது. டர்போ இல்லாத இன்ஜினுக்கு 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு 50 கிராம். நெரிசல் இல்லாத சாலையில், இரண்டாவது கியரில், முழு ஆக்சிலரேட்டரில் 4000-ஐத் தாண்டும்போது எம்ஏஎஃப் காட்டும் எண்ணை ரீடரில் பதிவு செய்யுங்கள். ஓட்டுபவர் திரையைப் பார்க்கக் கூடாது; பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும், அல்லது ரெக்கார்டிங்கில் போட்டுவிட்டுப் பிறகு பாருங்கள். 1000 மீட்டர் உயரமான இடத்தில் எண் சுமார் 10 சதவீதம் குறையும்.

எண் 48, 50 என்று வந்தும் ட்ரிம் +17 என்றால் சென்சாரை விட்டுவிட்டு ஃப்யூவல் பிரஷர் பாருங்கள். எண் குறைவு, ட்ரிமும் ஏற்றம் என்றால் எம்ஏஎஃப் குறைத்துக் காட்டுகிறது. எண் குறைவு, ஆனால் ட்ரிம் சரியாக இருக்கிறது என்றால் உண்மையிலேயே காற்று வரவில்லை என்று அர்த்தம். அடைத்த ஃபில்டர், புகைக் குழாயிலுள்ள அடைத்த கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பக்கம் போக வேண்டும்.

பிரேக் கிளீனரும் கார்புரேட்டர் கிளீனரும் வேண்டாம். கிரீஸ், கெட்டியான கார்பன், வார்னிஷ் போன்றவற்றைக் கரைக்கத் தயாரித்தவை அவை. அசிட்டோன், டொலுவீன் போன்றவை பல பிராண்டுகளில் இருக்கும். சென்சாரின் பிளாஸ்டிக்கையும், உள்ளே சூடாகிக் காற்றை அளக்கும் எலிமென்ட்டைப் பிடித்து நிறுத்தும் பசையையும் பூச்சையும் தின்றுவிடும். சில கார்புரேட்டர் கிளீனர்கள் மெல்லிய படலத்தையும் விட்டுப்போகும். சாதாரண டபிள்யூடி-40 கேட்கவே வேண்டாம், அதில் எண்ணெய் இருக்கிறது. எம்ஏஎஃப் கிளீனர் என்றே விற்கும் ஸ்ப்ரேயை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக்குக்குப் பாதுகாப்பானது, படிவு விடாதது என்று டப்பாவில் தெளிவாகப் போட்ட எலெக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர். அதிலும் லூப்ரிகன்ட் கலந்த வகை உண்டு, படித்துப் பார்த்து எடுங்கள். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் ஆகும், ஆனால் ஃபில்டர் ஆயிலை அது மெதுவாகத்தான் கரைக்கும். 70 சதவீதத்தில் மீதி 30 தண்ணீர், அது வேண்டாம்.

கழற்றும் முறை: இன்ஜின் ஆறியிருக்கட்டும். இக்னிஷனை அணைத்து, சாவியை எடுத்து, ஐந்து நிமிடம் விடுங்கள். பேட்டரி கழற்றத் தேவையில்லை. கழற்றினால் ஐட்லிங் அட்ஜஸ்ட்மென்ட் உட்பட ஈசியூ கற்றுவைத்ததெல்லாம் சில வண்டிகளில் அழியும். ஆனால் இக்னிஷன் ஆனில் இருக்கும்போது கனெக்டரைப் பிடுங்காதீர்கள். பி0102, பி0113 என்று புதுக் கோடுகள் விழுந்து குழப்பும்.

கனெக்டரில் சிவப்பு அல்லது சாம்பல் நிறப் பூட்டு இருந்தால் முதலில் அதை இழுத்து, பிறகு கொக்கியை அழுத்திக் கழற்றுங்கள். கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள். ஸ்க்ரூ ஸ்டாராக (பிளஸ் வடிவம்) இருக்கலாம், ஆறு முனையுள்ள டார்க்ஸ் டி20 அல்லது நடுவில் முள் உள்ள டி25 ஆகவும் இருக்கலாம். முள் உள்ளதற்கு நடுவில் ஓட்டை உள்ள பிட் வேண்டும். கழற்றும் முன் சுற்றியுள்ள தூசியைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது பைப்புக்குள் விழும். சென்சாரை நேராக மேலே இழுத்து எடுத்து, ஓட்டையைச் சுத்தமான துணியால் மூடி வையுங்கள்.

ஸ்ப்ரே செய்வது திறந்த வெளியில், நெருப்பு எதுவும் அருகில் இல்லாத இடத்தில். 10 செ.மீ. தள்ளிப் பிடித்து, சின்னச் சின்னப் பீச்சலாக, இரண்டு பக்கமிருந்தும் 10 முதல் 15 முறை. டப்பாவின் குழாய் முனை எலிமென்ட்டில் படக்கூடாது. காதுக்குச்சி, பிரஷ், துணி, கம்ப்ரஸர் காற்று எதுவும் கிட்டே போகக்கூடாது. பக்கத்தில் தனியாக நிற்கும் சிறு மணி காற்றின் வெப்பநிலையை அளப்பது, அதற்கும் இரண்டு பீச்சல். வழிந்து விழும் திரவம் நிறமில்லாமல் தெளிவாக வந்தால் போதும்.

ஹேர் டிரையர் வேண்டாம். தலைகீழாகச் சாய்த்து அரைமணி நேரம் வையுங்கள், தானாகக் காயும். ஈரத்தோடு மாட்டி இக்னிஷன் போட்டால் எலிமென்ட் சூடாகும். மிச்சமுள்ள அழுக்கு அங்கேயே வெந்து ஒட்டும், கரைப்பான் ஆவி தீப்பிடிக்கவும் கூடும்.

மாட்டும்போது காற்று போகும் திசைக்கான அம்புக்குறியைப் பாருங்கள். ஓ-ரிங் தட்டையாகிப் போயிருந்தாலோ வெடித்திருந்தாலோ மாற்றுங்கள். ஸ்க்ரூ பிளாஸ்டிக்கில் இறங்குகிறது; உட்கார்ந்ததும் கையால் சிறு இறுக்கம், அவ்வளவுதான். கடைசியாக ரீடரில் கோடுகளை அழித்துவிடுங்கள். பழைய ட்ரிம் மனதில் இருக்கும்வரை ஈசியூ பழைய கணக்கிலேயே பெட்ரோல் ஊற்றும்.

ஓம்மீட்டர்:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். எல்லா எம்ஏஎஃபும் ஒன்றல்ல, எடுத்ததும் எந்த வகை என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்ப்ரே.

துளைக்குள் கண்ணாடிப் பூச்சுள்ள மணி போலவோ மெல்லிய கம்பி போலவோ எலிமென்ட் தெரிந்தால் அது ஹாட் வயர் வகை. டென்சோ, ஹிட்டாச்சி சென்சார்கள் பலவும் இப்படி. இவை சுத்தம் செய்தால் நன்றாகவே மீண்டு வரும். பாஷ் ஹெச்எஃப்எம்5 போன்ற ஹாட் ஃபிலிம் வகையில் எலிமென்ட் வெளியே தெரியாது. சுருண்ட காற்று வழிக்குள் ஒரு சிலிக்கான் தகட்டின் நடுவே முடியைவிட மெல்லிய சவ்வாக இருக்கும். அதில் அழுத்தமாக ஸ்ப்ரே அடித்தால் சவ்வு கிழிந்து சென்சார் அங்கேயே முடிந்தது. 20 செ.மீ. தள்ளி, காற்று நுழையும் வாய் வழியாக, மென்மையாக நனைய விட்டு வடிய வையுங்கள். உள்ளே போன திரவம் சுருளில் தங்கும், அதனால் ஒரு மணி நேரமாவது காயட்டும். சென்சாரைப் பிரித்துச் சவ்வை எட்டும் வேலை வேண்டவே வேண்டாம்.

ஹெச்எஃப்எம்5-க்கு நம்பகமான ஒரு சோதனையும் உண்டு. இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப், காற்று ஓட்டம் இல்லாத நிலையில் சிக்னல் கம்பியில் 1.00 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். கழுவிய பிறகும் அதிலிருந்து கணிசமாக விலகி நின்றால் அது அழுக்கு இல்லை, எலிமென்ட் வயதாகிவிட்டது. இனி ஸ்ப்ரே எத்தனை டப்பா காலி செய்தாலும் பயனில்லை.

ஸ்ப்ரே வாங்கும் முன் இன்னொன்று. சில பெட்ரோல் கார்களில் எம்ஏஎஃபே கிடையாது. மேனிஃபோல்ட் பிரஷரை அளக்கும் மேப் சென்சாரை வைத்தே காற்றைக் கணக்கிடுவார்கள். ஏர் பாக்ஸுக்கு அருகே இரண்டே கம்பியோடு சென்சார் இருந்தால் அது வெறும் காற்று வெப்பநிலை சென்சார்.

காற்றுவடி:

இருவருக்கும் நன்றி. அளந்தேன். சுத்தம் செய்யும் முன் 4000-ல் 42 கிராம். எலிமென்ட் வெளியே தெரியும் ஹாட் வயர் வகை, அதன்மேல் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பு. எம்ஏஎஃப் கிளீனரில் கழுவி, காயவிட்டு, கோடு அழித்தேன். இப்போது 4000-ல் 49. மேட்டில் இழுவை திரும்பிவிட்டது.

ஆனால் ஏறத்தாழ 100 கி.மீ. ஓடியபின் ட்ரிம்: மேட்டில் +2, 2500-ல் +4, ஐட்லிங்கில் +8. முன்பு ஐட்லிங்கில் +4தானே இருந்தது? கழுவும்போது எதையாவது கெடுத்துவிட்டேனா?

ஸ்பேனர்17:

கெடுக்கவில்லை. மறைந்திருந்த ஒன்று வெளியே தெரிகிறது.

அழுக்கு பிடித்த எலிமென்ட் அதிகக் காற்றில் குறைத்துக் காட்டும், ஏனென்றால் அழுக்கு போர்வை போல வெப்பத்தைத் தடுக்கிறது. குறைந்த காற்றில் பல சமயம் அது கூட்டிக் காட்டும். அழுக்கு சேர்ந்து பருத்த எலிமென்ட்டுக்கு வெப்பம் இழக்கும் பரப்பு அதிகம். உங்கள் சென்சார் ஐட்லிங்கில் காற்றைக் கூட்டிச் சொன்னதால் ஈசியூ பெட்ரோலைச் சற்று அதிகம் ஊற்றிக்கொண்டிருந்தது, அது ஒரு சிறு வேக்குவம் லீக்கை மூடி மறைத்திருக்கிறது. சென்சார் இப்போது உண்மை சொல்கிறது, லீக் தெரிகிறது. ஐட்லிங்கில் அதிகம், லோடில் இறக்கம் என்ற வடிவமும் லீக்கின் வடிவமே.

எங்கே தேடுவது என்பதும் இந்த வடிவத்திலேயே இருக்கிறது. எம்ஏஎஃபுக்கும் த்ராட்டிலுக்கும் (ஆக்சிலரேட்டர் திறக்கும் காற்றுத் தட்டு) இடையே உள்ள ரப்பர் பைப்பில் ஐட்லிங்கின்போது வேக்குவம் ஏறக்குறைய இல்லை. அங்கே விரிசல் இருந்தால் இன்ஜின் குலுங்கி இழுக்கும்போதுதான் அதிகம் தெரியும். ஆகவே முதலில் த்ராட்டிலுக்குப் பின்னால் தேடுங்கள். ஆயில் மூடி, டிப்ஸ்டிக் இரண்டும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா பாருங்கள். அங்கே நுழையும் காற்று கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிப்பகுதி) வழியாக, அங்குள்ள ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வு மூலம் மேனிஃபோல்டுக்கே போகிறது. பிறகு இன்ஜின் ஐட்லிங்கில் ஓட, ஷார்ட் டெர்ம் ட்ரிமைப் பார்த்துக்கொண்டே பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ், கேனிஸ்டர் பர்ஜ் ஹோஸ் (பெட்ரோல் டேங்க் ஆவி வரும் வழி) ஒவ்வொன்றாக மேனிஃபோல்ட் பக்கம் துணி சுற்றிய இடுக்கியால் அழுத்துங்கள். எதை அழுத்தும்போது ட்ரிம் சட்டென்று இறங்குகிறதோ அந்த வழியில்தான் காற்று நுழைகிறது. எதிலும் அசையவில்லை என்றால் இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங். அதற்குப் புகையை உள்ளே செலுத்திக் கசிவைத் தேடும் ஸ்மோக் டெஸ்ட் நல்லது. சூடான இன்ஜினில் கார்புரேட்டர் கிளீனர் பீய்ச்சித் தேடும் பழைய முறையைச் செய்யாதீர்கள்.

டீசல்பம்பு:

டீசல் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. டீசலில் இந்த ட்ரிம் கணக்கு கிடையாது. எம்ஏஎஃப் ரீடிங்கை வைத்துத்தான் ஈஜிஆர் (புகையின் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் வால்வு) எவ்வளவு திறக்க வேண்டும், புகை வராமல் எவ்வளவு டீசல் விடலாம் என்று ஈசியூ தீர்மானிக்கிறது. ரீடரில் ஸ்ட்ரோக்குக்கு எத்தனை மில்லிகிராம் காற்று என்று ஈசியூ கேட்ட அளவும் உண்மை அளவும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். ஈஜிஆர் மூடியிருக்கும் முழு ஆக்சிலரேட்டரில் உண்மை அளவு மட்டும் பின்தங்கினால் சென்சாரைப் பாருங்கள். ஆனால் அதற்கு முன் டர்போவுக்குப் பிந்தைய ஹோஸ்களில் பூஸ்ட் லீக் (டர்போ அழுத்திய காற்றின் கசிவு) இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

கேட்டவருக்கு: அந்தப் பழுப்புப் பிசுபிசுப்பு பெரும்பாலும் உங்கள் ஃபில்டரின் ஆயில். தேவைக்கு மேல் ஆயில் தடவினாலோ, ஊறி முடிக்கும் முன் மாட்டினாலோ காற்று அதை இழுத்து எலிமென்ட்டில் பூசும், பிறகு தூசி அதில் ஒட்டும். இப்போதே ஃபில்டரின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். கறை வந்தால் சாதாரணக் காகித ஃபில்டருக்கு மாறிவிடுங்கள். இல்லையேல் கழுவிய சென்சார் சீக்கிரமே பழைய நிலைக்கு வரும். ஏர் பாக்ஸின் உள்பக்கத்தையும் பைப்பின் உட்சுவரையும் துடைத்துவிட்டுத்தான் புது ஃபில்டர் போட வேண்டும்.

காற்றுவடி:

துணியில் கறை வந்தது, காகித ஃபில்டர் போட்டுவிட்டேன். பிசிவி ஹோஸை அழுத்தியதும் ஷார்ட் டெர்ம் +8-லிருந்து +1-க்கு இறங்குகிறது. பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினால் சத்தமே இல்லை.

ஸ்பேனர்17:

குலுக்கினால் கடகடவென்று கேட்க வேண்டிய வகை என்றால் அது திறந்த நிலையிலேயே சிக்கிவிட்டது. வால்வையும் அது உட்காரும் ரப்பர் கிராமெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். சிக்கிய வால்வு ஆயில் ஆவியையும் கூடுதலாக மேனிஃபோல்டுக்கு இழுத்திருக்கும், எனவே த்ராட்டில் தட்டின் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்களிடம் இருக்கும் கார்புரேட்டர் கிளீனரைத் துணியில் நனைத்து அங்கே துடைக்கலாம், தட்டு பூச்சில்லாத வெறும் உலோகமாக இருந்தால் மட்டும்.