31-இடிஓவில் 7/4 செவன்த் வைத்தால் டாமினன்ட் ஏன் இழுப்பதில்லை?

கேள்வி

ஆக்டேவை 31 சம படிகளாகப் பிரித்து (இதுதான் 31-இடிஓ; ஆக்டேவ் 1200 சென்ட், ஒரு படி 38.71 சென்ட்) சி மேஜரில் எழுதுகிறேன். டாமினன்டான, அதாவது டானிக்கான சி-க்கு இழுத்துச் செல்ல வேண்டிய, ஜி செவன்த் கார்டில் வழக்கமான மைனர் செவன்த்தை எடுத்துவிட்டு 25 படி செவன்த்தை வைத்தேன். அது 967.7 சென்ட், 7/4 அதிர்வெண் விகிதத்தின் 968.8 சென்ட்டுக்கு ஒன்றுதான் குறைவு. கார்டு அற்புதமாகப் பொருந்துகிறது. ஆனால் அடுத்து சி மேஜருக்குப் போகும்போது போய் அமர்ந்த உணர்வே இல்லை. சி-க்கு ஏற வேண்டிய லீடிங் டோனான பி-யும் சோர்வாக இருக்கிறது. இன்னொன்று, டாமினன்டில் 9 படி நியூட்ரல் தேர்ட் (மேஜருக்கும் மைனருக்கும் நடுவில் நிற்பது) வைத்தால் அதன் பணி என்ன? இந்த மாதிரி ட்யூனிங்குகளில் ஒரு சுரத்தின் ஹார்மனிப் பணியை எதை வைத்து முடிவு செய்வது?

பதில் 1

விகிதத்தை மட்டும் பார்த்துப் பணியைச் சொல்ல முடியாது. அந்தச் சுரம் ஸ்கேலில் எங்கே நிற்கிறது, அதற்கு மேலும் கீழும் உள்ள அடுத்த சுரங்கள் எத்தனை படி தள்ளி இருக்கின்றன என்பதைத்தான் முதலில் எண்ண வேண்டும்.

உங்கள் கார்டையே எண்ணிப் பார்க்கலாம். சி = 0, ஜி = 18, பி = 28, டி = 5. வழக்கமான மைனர் செவன்த் 26 படி; ஜி-யிலிருந்து அவ்வளவு ஏறினால் 44. ஆக்டேவைக் கழித்தால் 13. அதுதான் எஃப். நீங்கள் வைத்தது 25 படி, அதாவது 12. அந்தச் சுரம் எஃப் இல்லை, இ ஷார்ப். 12-இடிஓவில் இரண்டும் ஒரே கட்டைதான், அதனால் இந்த வேறுபாடு அங்கே கண்ணில் படாது. இங்கே இரண்டு கோளாறுகள் சேர்கின்றன. ஒன்று, முன்னால் எஃப் மேஜர் கார்டு வந்தால் அதில் 13-இல் ஒலித்த சுரம் ஜி செவன்த்தில் 12-க்கு வழுக்குகிறது. காதுக்குப் பிடித்துக்கொள்ளப் பொதுச் சுரம் இல்லை. இரண்டு, ஜி, பி, டி, இ ஷார்ப் நான்கும் இப்போது 4:5:6:7 அதிர்வெண் விகிதக் கார்டாகின்றன, அது முழு இசைவு கொண்டது. பி-க்கும் இ ஷார்ப்புக்கும் இடையே 15 படி, 580.6 சென்ட், கிட்டத்தட்ட 7/5. பி-க்கும் எஃப்-க்கும் இடையே 16 படி, 619.4 சென்ட். முரண் தீர்ந்துபோன கார்டுக்கு எங்கும் போக வேண்டிய அவசியம் இல்லை. டாமினன்டில் 26 படியையே வையுங்கள்.

25 படி செவன்த்துக்கு வேறு அருமையான இடம் இருக்கிறது: ஆக்மென்டட் சிக்ஸ்த் கார்டு. ஏ ஃப்ளாட் 21, சி 31, இ ஃப்ளாட் 39, எஃப் ஷார்ப் 46. ஏ ஃப்ளாட்டிலிருந்து எண்ணினால் 0, 10, 18, 25. அதே 4:5:6:7! ஆனால் இங்கே 21 மூன்று படி இறங்கி ஜி-க்கு வருகிறது, 46 மூன்று படி ஏறி 49-க்கு, அதாவது மேல் ஜி-க்குப் போகிறது. ஒலி இனிமையாகவே இருந்தும் கார்டு டாமினன்டை நோக்கி நகர்கிறது, ஏனென்றால் இரு முனைச் சுரங்களுக்கும் போகும் திசை தெளிவாக இருக்கிறது. டானிக் கார்டின் மேல் 25 படி செவன்த்தை வைத்து அங்கேயே முடித்தாலும் அது ஓய்வாகவே கேட்கும். பணி இசைவில் மட்டும் இல்லை என்பதற்கு இவ்விரண்டுமே போதும்.

லீடிங் டோன் சோர்வாக இருப்பதற்குக் காரணம், பி-யிலிருந்து சி-க்கு 3 படி, 116 சென்ட். 12-இடிஓவில் பழகிய 100-ஐ விட அகலம். ஒரு படி உயர்த்தி 29-இல் வைத்தால் தூரம் 77 சென்ட் ஆகும், இழுப்பு கூடும். விலையும் உண்டு: ஜி-யிலிருந்து தேர்ட் 11 படியாகி 425.8 சென்ட்டில் கரகரக்கும். சி-க்குப் போகும் முன் கடைசி அரைத்தட்டில் மட்டும் உயர்த்துங்கள். நீண்ட கார்டில் செய்தால் அது வெறும் சுருதிப் பிசகாகத்தான் கேட்கும்.

பதில் 2

நியூட்ரல் தேர்ட் பற்றி: 9 + 9 = 18, அதாவது ஃபிஃப்த்தை அது சரிபாதியாக வெட்டுகிறது. ஜி-யின் மேல் வைத்தால் 27-இல் விழும். கீழே ஏ = 23, மேலே சி = 31. இரு பக்கமும் நான்கு நான்கு படி, 154.8 சென்ட். எந்தப் பக்கமும் சாயாத சுரம் லீடிங் டோன் ஆகாது. அந்தக் கார்டை டாமினன்ட் என்று கேட்க வைப்பது பாஸில் ஜி-யிலிருந்து சி-க்குப் போகும் நகர்வு மட்டுமே. ஆகவே பாஸை மாற்றி இன்வெர்ஷனில் வைத்தால் அந்தப் பணியும் போய்விடும்.

கேள்வி கேட்டவர்

மிகவும் தெளிவாயிற்று. 22-இடிஓவிலும் ஜி செவன்த்தில் 7/4-ஐத் தவிர்க்க வேண்டுமா? அங்கே சி, ஏ மைனர், டி மைனர், ஜி, சி என்று சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் சுருதி இறங்குகிறதே, அது எதனால்?

பதில் 3

22-இல் தவிர்க்க வேண்டாம். அங்கே கதையே வேறு. ஒரு படி 54.55 சென்ட், ஃபிஃப்த் 13 படி, மேஜர் தேர்ட் 7, 7/4 க்கு நிகரானது 18 படி (981.8 சென்ட்). ஜி = 13, அதன் மேல் 18 ஏறினால் 31, அதாவது 9. சி-யிலிருந்து ஃபோர்த்தும் 9 படிதான். ஆக, 7/4 செவன்த்தும் ஸ்கேலின் எஃப்-ம் ஒரே சுரம். எஃப் (9) இ-க்கு (7) இரண்டு படி இறங்குகிறது, பி (20) சி-க்கு (22) இரண்டு படி ஏறுகிறது, இரண்டும் 109 சென்ட். கார்டு மென்மையாக இருந்தும் டாமினன்ட் வேலை செய்யும். 31-இல் இதே விகிதம் தோற்றது அது ஸ்கேலுக்கு வெளியே விழுந்ததாலும்தான்.

சுருதி இறங்குவது 81/80 என்ற காமாவால் (நான்கு ஃபிஃப்த் ஏறி வரும் தேர்டுக்கும் மேஜர் தேர்டுக்கும் உள்ள சிறு வித்தியாசம்). 31-இல் அது பூஜ்யமாகிவிடுகிறது, 22-இல் ஒரு முழுப் படியாக நிற்கிறது. பொதுச் சுரங்களை அசைக்காமல் பிடித்தால் ஏ = 16, டி = 3, ஜி = 12, கடைசி சி = 21 என்று வரும். தொடங்கியது 22, முடிந்தது 21. நான்கு சுற்றில் 218 சென்ட் கீழே போய்விடுவீர்கள்.

இதை நிறுத்த டி-யை 4-இல் வையுங்கள். பலரும் அதன் மேல் 6 படி மைனர் தேர்ட் போட்டு எஃப்-ஐ 10-க்குக் கொண்டுபோகிறார்கள். பிறகு ஜி செவன்த்தில் அது 9-க்குச் சறுக்கும். அதற்குப் பதிலாக 5 படித் தேர்ட் போடுங்கள்: டி 4, எஃப் 9, ஏ 17. இது 6:7:9 சாயலுள்ள சப்மைனர் கார்டு, 272.7 சென்ட் தேர்ட். அடுத்த ஜி செவன்த்தில் டி-யும் எஃப்-ம் அசையாமல் நிற்கும். மிச்சமிருக்கும் ஒரே நகர்வு ஏ 16-இலிருந்து 17-க்கு. அதை உள் குரலில், அதுவும் வலுவற்ற தட்டில் மறையுங்கள். மேல் குரலில் வைத்தால் 55 சென்ட் தாண்டல் பளிச்சென்று தெரியும்.

பதில் 4

கேட்டுச் சரிபார்க்க சைன் அலையையோ உடனே தேயும் பியானோ ஒலியையோ நம்ப வேண்டாம். ரம்பப்பல் அலை அல்லது ஆர்கன் ஒலியை எடுத்து, ஜி-யை 196 ஹெர்ட்ஸில் நீட்டிப் பிடியுங்கள். அதன் 7ஆம் சீரிசை (அதிர்வெண்ணின் 7 மடங்கு) 1372 ஹெர்ட்ஸ். 31-இன் 26 படிச் செவன்த்தின் 4ஆம் சீரிசை ஏறக்குறைய 1402. இரண்டும் மோதி வினாடிக்கு 30 விம்மல் (ஒலி ஏறி இறங்கும் துடிப்பு), அந்தக் கரகரப்புதான் டாமினன்டின் முரண். 25 படியில் அது 1371. வினாடிக்கு ஒரு விம்மல்கூட இல்லை.

மிடியில் பிட்ச் பெண்ட் (சுருதியை வளைக்கும் கட்டளை) வழியாக ட்யூன் செய்தால் வீச்சு ±2 செமிடோனுக்கு ஒரு சென்ட் சுமார் 41 அலகு. சேனலுக்கு ஒரு சுரம் மட்டும் அனுப்புங்கள். பெண்ட் சேனல் முழுவதையும் இழுப்பதால், ஒரே சேனலில் கார்டு வாசித்தால் எல்லாச் சுரங்களும் சேர்ந்து நகரும். 26 வைத்தோமா 25 வைத்தோமா என்பதே அப்புறம் தெரியாது.